நிலத்தின் முன்கதை: அமெரிக்கக் குடியேற்ற வாழ்வைச் சொல்லும் சிறுவர் வரலாற்றுப் புனைகதைகள்

முன்னுரை

சிறுவர்க்கான வரலாற்றுப் புனைகதைகளுள் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருப்பது அமெரிக்கக் குடியேற்ற வாழ்வைப் பற்றிய கதை. மேற்கு நோக்கி நகரும் ஒரு குடும்பம், மூடுவண்டி, மரக்குடிசை, கடுங்குளிர், முதல் விளைச்சல் ஆகியவை இவ்வகையின் நிலையான கூறுகள். இவ்வகைக்கு அடையாளமாக நிற்பவை லாரா இங்கல்ஸ் வைல்டர் (1867-1957) எழுதிய 'லிட்டில் ஹவுஸ்' வரிசை நூல்கள். 1932 முதல் 1943 வரை எட்டு நூல்களாக வெளிவந்த இவ்வரிசை, ஆங்கிலம் கற்கும் மாணவர் பலரின் கைகளுக்கு இன்றும் சென்று சேர்கிறது. இதனைச் சிறுவர் இலக்கியத்திலிருந்து விலக்க வேண்டும் என்போரும், குழந்தைக் கதையின்மீது அரசியலை ஏற்றலாகாது என்போரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அவ்வாதம் பெரும்பாலும் நூலுக்கு வெளியே நின்றே நிகழ்கிறது. நாம் நூலுக்குள் நின்று ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறோம்: குடியேற்றக் கதை, தான் நிற்கும் நிலத்தின் முன்கதையைச் சிறுவர்க்கு எவ்வாறு சொல்கிறது, அல்லது எவ்வாறு சொல்லாமல் விடுகிறது?

சட்டமும் கதையும்

1862ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர் ஒருவர் சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் வரை அரசு நிலத்திற்கு விண்ணப்பிக்க வழி செய்தது. ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிரிட்டால் நிலம் அவருக்கு உரிமையாகும். இச்சட்டத்தின்வழி ஏறத்தாழ 27 கோடி ஏக்கர் நிலம், அதாவது நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, தனியார் கைக்குச் சென்றது. ஆனால் 'அரசு நிலம்' என்ற சொல்லுக்குப் பின்னால் உடன்படிக்கைகளாலும் வெளியேற்றங்களாலும் பூர்வகுடி மக்களிடமிருந்து பெறப்பட்ட நிலமே இருந்தது.

வைல்டர் இச்சட்டத்தை அறியாதவர் அல்லர். 'பை தி ஷோர்ஸ் ஆஃப் சில்வர் லேக்' (1939) நூலில் தந்தை அதனை அரசோடு கட்டிய பந்தயமாகவே பேசுகிறார். ஐந்தாண்டு தாக்குப்பிடித்தால் நிலம் நமக்கு, இல்லையேல் கட்டிய பணம் அரசுக்கு என்பது அவர் கணக்கு. 'தி லாங் வின்டர்' (1940) நூலில் அல்மான்சோ என்னும் இளைஞன் வயதைக் கூட்டிக் காட்டி நிலம் பதிகிறான். நில அலுவலரும் கண்டும் காணாதவராக இருக்கிறார். சட்டத்தை நகைச்சுவையோடு நோக்கும் இந்நூல்கள், பந்தயப் பொருளான நிலம் பந்தயம் கட்டியவர் கைக்கு எப்படி வந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

செய்முறையின் அழகு

வைல்டரின் வலிமை எங்குள்ளது என்பதை முதலில் ஒப்புக்கொள்வது திறனாய்வின் கடமையாகும். 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரெய்ரி' (1935) நூலில் தந்தை கதவு செய்யும் பகுதியைப் படிக்கும் சிறுவன், இரும்பாணி இன்றி மரமுளைகளைக் கொண்டே ஒரு கதவை எப்படிப் பொருத்துவது என்பதைக் கற்றுக்கொள்கிறான். 'தி லாங் வின்டர்' நூலில் நிலக்கரி தீர்ந்தபின் வைக்கோலை முறுக்கி எரிபொருளாக்குவதும், கோதுமையைக் காப்பி அரைக்கும் சிறு இயந்திரத்தில் இட்டு நாள் முழுதும் அரைப்பதும் பசியின் வரலாற்றை எந்தப் பாடநூலையும்விட நன்றாகச் சொல்கின்றன. 1880-81ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டகோட்டாப் பகுதியில் தொடர்வண்டிகள் மாதக்கணக்கில் நின்றுபோன உண்மை நிகழ்வே அக்கதையின் அடித்தளம்.

ஆயின், இச்செய்முறை விவரிப்புக்கு வேறொரு விளைவும் உண்டு. உழைப்பை அடியடியாகக் காணும் வாசகன், உழைத்தவனுக்கே அது உரியது என்னும் முடிவுக்குத் தானாகவே வந்துவிடுகிறான். வீடு கட்டப்படுவதைப் பார்த்தவனுக்கு, அவ்வீடு எவர் நிலத்தில் எழுகிறது என்னும் ஐயம் எழுவதில்லை. உரிமைக்கான வாதத்தை ஆசிரியர் வெளிப்படையாகச் செய்யாமலே விவரிப்பு முறை செய்து முடிக்கிறது.

கேட்கப்பட்ட கேள்வி

இங்கல்ஸ் குடும்பம் 1869ஆம் ஆண்டளவில் கன்சாசில் குடியேறிய இடம் ஒசேஜ் மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம். குடியேற்றத்திற்கு அது அப்போது சட்டப்படி திறக்கப்படவில்லை. நாவல் அவ்விடத்தை இன்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து 40 மைல் தொலைவில் வைக்கிறது. உண்மையில் அது ஏறத்தாழ 13 மைல் தொலைவே. நாவலின் முடிவில், படைவீரர்கள் குடியேறிகளை வெளியேற்றப் போகிறார்கள் என்ற செய்தி கேட்டுச் சினந்து தந்தை புறப்படுகிறார். வரலாறோ வேறு. 1870ஆம் ஆண்டு ஜூலைச் சட்டத்தின்படி வெளியேற நேர்ந்தவர்கள் ஒசேஜ் மக்களே; அந்நிலம் ஏக்கர் 1.25 டாலருக்குக் குடியேறிகளுக்கு விற்கப்பட்டது. இங்கல்ஸ் குடும்பம் 1871இல் திரும்பியதற்கு, விஸ்கான்சினில் அவர்கள் விற்ற வீட்டை வாங்கியவர் பணம் கட்ட இயலாமற்போனது முக்கியக் காரணம். இழந்தவரும் பெற்றவரும் கதையில் இடம் மாறி நிற்பது நோக்கத்தக்கது.

எனினும் இந்நாவலை எளிய பரப்புரையாக ஒதுக்கிவிட முடியாதவாறு தடுப்பது சிறுமி லாராவின் குரல். இது அவர்கள் நாடுதானே, நம்மால் விரட்டப்படும்போது அவர்களுக்குச் சினம் வராதா என்னும் பொருள்பட அவள் தந்தையை வினவுகிறாள். விடையாகக் கிடைப்பது, பேசாமல் உறங்கு என்னும் கட்டளை மட்டுமே. தாயின் வெறுப்பும், அண்டை வீட்டாரின் கொடுமொழியும், அதனை ஏற்காத தந்தையின் நிதானமும் ஒரே வீட்டுக்குள் மோதுகின்றன. ஆசிரியர் அறிந்தோ அறியாமலோ நூலின் நடுவே ஒரு வினாவை வைத்து, அதன் வாயையும் அடைத்திருக்கிறார். நல்லாசிரியர் ஒருவர் பாடத்தைத் தொடங்க வேண்டிய இடம் இதுவே என்பது எமது கருத்து.

ஒரு சொல்லின் வரலாறும் இங்கே குறிப்பிடத்தக்கது. நூலின் முதற்பதிப்பு, அப்பகுதியில் மனிதர் எவருமில்லை, பூர்வகுடியினர் மட்டுமே இருந்தனர் என்னும் பொருளில் எழுதியிருந்தது. வாசகர் ஒருவர் எழுப்பிய எதிர்ப்பிற்குப்பின் 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மனிதர்' என்பது 'குடியேறிகள்' என மாற்றப்பட்டது. 1954இல் வைல்டரின் பெயரால் நிறுவப்பட்ட விருதின் பெயரையும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் சேவைப் பிரிவு 2018இல் மாற்றியது. சொல்லை மாற்றலாம், விருதின் பெயரை மாற்றலாம். ஆனால் வெற்று நிலம் என்னும் கற்பனை கதையின் கட்டுமானத்திலேயே உறைந்திருக்கிறது. அதனை வாசிப்பின் வழியாகவே அவிழ்க்க இயலும்.

விடுபட்டவை

வைல்டரின் தன்வரலாற்றுக் கையெழுத்துப்படி 'பயனியர் கேர்ள்' விரிவான குறிப்புகளுடன் 2014இல் வெளிவந்தது. கேரலைன் ஃபிரேசர் எழுதிய 'பிரெய்ரி ஃபயர்ஸ்' என்னும் வாழ்க்கை வரலாறு 2018இல் புலிட்சர் பரிசு பெற்றது. இவற்றோடு ஒப்பிடும்போது நாவல்களில் விடுபட்டவை தெளிவாகின்றன. 1876இல் ஒன்பது மாதக் குழந்தையாக இறந்த தம்பியும், அயோவாவில் ஓர் உணவு விடுதியில் உழைத்த வறுமைக் காலமும் வரிசையில் இல்லை. பார்வையிழந்த அக்காள் மேரியின் கல்விக் கட்டணத்தை டகோட்டாப் பகுதி அரசு ஏற்றது. நாவலிலோ குடும்பத்தின் உழைப்பே அவளைப் படிக்க வைக்கிறது. அரசின் உதவி நீங்கும்போது தற்சார்பு என்னும் விழுமியம் பெரிதாகத் தோன்றுகிறது. நூல்களைச் செப்பனிட்ட மகள் ரோஸ் வைல்டர் லேன், தனிமனிதச் சுதந்திரத்தை வலியுறுத்தி அரசின் தலையீட்டை எதிர்த்து எழுதியவர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

மறுபக்கத்திலிருந்து ஒரு வீடு

ஒஜிப்வே மரபினரான லூயிஸ் எர்ட்ரிச் 1999இல் வெளியிட்ட 'தி பர்ச்பார்க் ஹவுஸ்' நாவலை இவ்விடத்தில் ஒப்புநோக்க வேண்டும். களம் சுப்பீரியர் ஏரியின் மேடலின் தீவு, காலம் 1847, நாயகி ஏழு வயது ஒமக்கயஸ். வைல்டரின் முதல் நூலான 'லிட்டில் ஹவுஸ் இன் தி பிக் வுட்ஸ்' நிகழ்வதும் இத்தீவு அமைந்துள்ள விஸ்கான்சின் மாநிலத்திலேயே. இரு நூல்களும் பருவ சுழற்சியை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டிலும் மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறார்கள். எர்ட்ரிச் இதே செய்முறை அழகைக் கையாண்டு, அந்நிலம் முன்பே வாழப்பட்ட வீடு என்பதை வாதமின்றி நிறுவுகிறார்.

வேறுபாடு இழப்பைக் கையாளும் இடத்தில் உள்ளது. எர்ட்ரிச்சின் நாவலில் பெரியம்மை தீவுக்குள் நுழைகிறது. ஒமக்கயசின் குழந்தைத் தம்பி இறக்கிறான். வைல்டர் தம் தம்பியின் சாவை வாசகரிடமிருந்து மறைத்தார். எர்ட்ரிச் அத்தகைய சாவையே கதையின் நடுவில் வைத்து, அதிலிருந்து மீளும் வழியையும் சிறுமிக்குக் காட்டுகிறார். சிறுவர் தாங்கமாட்டார் என்று நாம் மறைப்பவை, பெரும்பாலும் பெரியவர் சொல்லத் தயங்குபவையே என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது. அடுத்த நூலான 'தி கேம் ஆஃப் சைலன்ஸ்' (2005) அம்மக்களை மேற்கே அகற்றும் அரசாணையை மையமாகக் கொள்கிறது. வைல்டரின் கதை தொடங்கும் வெற்று நிலம் எப்படி வெறுமையாக்கப்பட்டது என்பதன் முன்கதையாக அதனை வாசிக்க இடமுண்டு.

லிண்டா சூ பார்க் எழுதிய 'பிரெய்ரி லோட்டஸ்' (2020), 1880ஆம் ஆண்டு டகோட்டாச் சிற்றூரில் ஆசிய மரபுத் தாய்க்கும் வெள்ளையினத் தந்தைக்கும் பிறந்த ஒரு சிறுமியை நிறுத்துகிறது. குடியேறியவர்களுக்குள்ளேயே வேண்டப்படாதவர் இருந்தனர் என்பதை அது சொல்கிறது.

முடிவுரை

இந்நூல்களை வகுப்பிற்குக் கொண்டு செல்லும் ஆசிரியர்க்கு மூன்று வினாக்கள் போதும் எனக் கருதுகிறோம். இந்நிலத்தில் இதற்கு முன் யார் இருந்தார்? கதையில் எவர் பெயரோடு வருகிறார், எவர் பெயரின்றிக் கடந்து போகிறார்? குழந்தை கேட்ட எந்தக் கேள்விக்குப் பெரியவர் விடை தரவில்லை? சர்க்கரை காய்ச்சும் இரு பகுதிகளை அருகருகே வைத்துப் படித்தாலே மாணவர் முதலிரண்டிற்கும் விடை காணத் தொடங்குவர். வைல்டரை விலக்கினால், பல தலைமுறைகள் தம்மை எவ்வாறு நம்பின என்பதற்கான சான்றை இழப்போம். அவரை மட்டுமே படித்தால் அந்நம்பிக்கையையே வரலாறாகக் கொள்வோம்.

நம் வட்டாரத்தில் காடு திருத்தித் தோட்டம் அமைத்த முன்னோரின் வாழ்வைச் சிறுவர்க்கு எழுத முனைவோருக்கும் இவ்வொப்பீடு பயன்படும். உழைத்தவர் வியர்வையை மதித்து எழுதுவது கடமை. அவர் கால் பதித்த மண்ணின் முன்கதையைச் சொல்வதால் அவ்வியர்வையின் மதிப்பு குறைவதில்லை. லாரா கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு இப்போது ஆசிரியர் கையில் உள்ளது.