யூத வீரர்களும் கைவினைப் பாடமும்

யூத வீரர்களைச் சிறுவர்களுக்குக் கைவினை, சோதனை வழியே கற்பிக்கும்போது ஹனுக்கா விளக்கே பெரிதும் இடம்பெறுகிறது. தண்ணீரில் எண்ணெய் மிதப்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். களிமண் அகல் செய்து திரியிடுகிறார்கள். ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதையைக் கேட்கிறார்கள். ஆர்வம் பிறக்கிறது. ஆனால் கி.மு. 164இல் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்திய யூதா மக்கபே பின்னுக்குப் போய்விடுகிறார். மக்கபேயர் நூல்கள் இரண்டிலும் அந்த எண்ணெய் அற்புதம் இல்லை. அது தால்முத்தில் வருவது. அவர் போராடியது வழிபாட்டு உரிமைக்காக. அகல் மட்டும் செய்தால் அது விளங்காது.

யானுஷ் கோர்ச்சாக் பற்றிய பாடத்தில் இக்குறை இன்னும் பெரிது. தப்பும் வாய்ப்பை மறுத்து, 1942 ஆகஸ்டில் தம் வார்சா இல்லத்துக் குழந்தைகளுடனேயே திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குச் சென்றவர் அவர். அதைக் காகிதப் பொம்மைகளாக வெட்டச் சொல்வது பொருந்தாது. மாறாக, அவர் இல்லத்தில் இயங்கிய சிறுவர் நீதிமன்றத்தை வகுப்பில் ஒரு வாரம் நடத்திப் பார்க்கலாம். அங்கே அவர் மீதே குழந்தைகள் வழக்குத் தொடுத்ததுண்டு. தீர்ப்புகள் பெரும்பாலும் மன்னிப்பையே நாடின.

செய்து கற்றல் நல்ல முறைதான். எதைச் செய்யச் சொல்கிறோம் என்பதை ஆசிரியர் முதலில் யோசிக்க வேண்டும்.