மூன்று வாரமும் ஆறு பருவமும்

முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் மேடையில் யாராவது ஒருவர் பச்சைக் களிமண் உவமையை எடுத்துவிடுவார். பீங்கான் பொம்மை செய்யும் விருத்தாசலத்தில் அதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வார்த்த பொம்மையை ஈரம் காயுமுன் சூளையில் வைத்தால் வெடிக்கும் என்பது இங்கே பட்டறைப் பிள்ளைகளுக்கே தெரியும்.

காந்திநகர் ஐஐடி 2011-இல் ஐந்து வாரம் பாடமே எடுக்காமல் புதியவர்களைப் பழக்கியது. அந்த வழியில் பின்னர் பொறியியலுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வந்தது. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘தீக்ஷாரம்ப்’ என்ற பெயரில் அதை எல்லாக் கல்லூரிகளுக்கும் விரித்தது. இதில் எனக்குப் பிடித்தது, சிறு குழுவுக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குவது. அதற்குக் காரணம் உண்டு. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டதும், 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அது தேவைதான். ஆனால் சீனியரை எட்ட நிறுத்தியதில் பழைய நோட்டும், ‘அந்த சார்கிட்ட இப்படிக் கேளு’ என்ற யோசனையும் சேர்ந்தே எட்டப் போயின. அந்த இடத்தை நிரப்ப யாராவது வேண்டும்.

கோளாறு வேறிடத்தில். ஐஐடி பிள்ளைகள் விடுதியில் இருப்பவர்கள். கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி போன்ற இடத்துக்கு மங்கலம்பேட்டை, பெண்ணாடம், கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மாலை யோகாவும் கலைநிகழ்ச்சியும் பஸ்ஸைத் தவறவிடும் வழி. கடைசிக் கலந்தாய்வில் இடம் கிடைத்துச் சேர்கிறவர் வரும்போது விழாவே முடிந்திருக்கும். அவருக்குத்தான் கைப்பிடி அதிகம் தேவை.

உண்மையான திணறல் மொழியில் இருக்கிறது. அப்பா பட்டறையில் களிமண் கூழ் இளகி ஓட சிலிக்கேட் ஊற்றுவதைப் பையன் சிறுவயதிலிருந்தே பார்த்திருப்பான். ஊரிலுள்ள பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தில் சேர்ந்தால் புத்தகம் அதையே ‘டிஃப்ளாக்குலேஷன்’ என்னும். அதுவும் இதுவும் ஒன்று என்று சொல்ல ஒரு மணி நேரம் போதும். ஆளுமை வளர்ச்சி உரைகளை நீக்கிவிட்டு இதை வைத்தால் நான் மறுப்பே சொல்லமாட்டேன். அந்த நேரமும் ஜூலையிலேயே தீரக்கூடாது. முதல் உள்தேர்வு மதிப்பெண் வந்து பையன் வகுப்புக்கு வராமல் நழுவத் தொடங்கும் வாரத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

தர மதிப்பீட்டுக் கோப்புக்கு அறிமுக விழாவின் படங்கள் சேர்ந்துவிடுகின்றன, வழிகாட்டல் நடக்கிறதா என்பது வேறு. ஒரு கல்லூரியில் நவம்பரில் ஒருவனிடம், உன் வழிகாட்டி ஆசிரியர் யாரப்பா என்று கேட்டேன்.

“லிஸ்ட் போர்டுல ஒட்டியிருந்தாங்க சார். பேரு ‘ம’ல ஆரம்பிக்கும்.”