பட்டறையில் ஒரு நாள்: ஆக்லாந்தின் கேட்வே திட்டம்

நியூசிலாந்தில் பள்ளிகளையும் வேலை தரும் நிறுவனங்களையும் இணைக்கும் ஏற்பாடுகளில் பரவலானது கேட்வே. 2001இல் சில பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கி, பின்னர் நாடு முழுதும் விரிந்தது. 11 முதல் 13 வரையிலான வகுப்புகளில் படிப்பவர் பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள் மோட்டார் பட்டறைக்கோ, கட்டடத் தளத்துக்கோ, குழந்தைகள் காப்பகத்துக்கோ போய் வேலை பழகுவார். அங்கே கற்றது என்சிஇஏ என்னும் தேசியச் சான்றிதழுக்குக் கிரெடிட்டாகச் சேரும். அரசின் உயர்கல்வி ஆணையம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம் தருகிறது.

இதன் பெரிய பலன் அறிமுகம். சித்தப்பா சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் பையனுக்கு இந்தத் திட்டம் தேவையே இல்லை. தெற்கு ஆக்லாந்தின் ஓட்டாராவிலோ மாங்கரேயிலோ அப்படி யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு மேஸ்திரி கிடைப்பது பெரிய விஷயம். இளமையில் பல நிறுவனத்தாரைச் சந்தித்தவர்கள் பின்னாளில் வேலையோ படிப்போ இன்றி நிற்பது குறைவு என்று பிரிட்டனில் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வும் காட்டியது. சில வாரம் மாவு பிசைந்து பார்த்து, பேக்கரி வேலை தனக்கு ஒத்துவராது என்று ஒருவர் விலகினால் அதுவும் லாபமே. பயிற்சிக்குச் சேர்ந்து ஓராண்டு கழித்து விலகுவதைவிட அது மலிவு.

சிக்கல் அமைப்பில் இருக்கிறது. 1989இல் வந்த கல்விச் சீர்திருத்தம் ஒவ்வொரு பள்ளியையும் அதனதன் நிர்வாகக் குழுவிடம் ஒப்படைத்தது. ஆகவே ஒவ்வொரு பள்ளியும் தன் கேட்வே ஒருங்கிணைப்பாளரை வைத்துத் தனித்தனியாக நிறுவனங்களைத் தேடுகிறது. ஆக்லாந்தின் ஈஸ்ட் தாமகியில் உள்ள ஒரே பட்டறைக்கு நாலு பள்ளியிலிருந்து போன் வந்தாலும் வியப்பில்லை. உறவு முழுவதும் அந்த ஒருங்கிணைப்பாளரின் கைபேசியில்தான் இருக்கிறது; அவர் வேலை மாறினால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுபக்கம் இருப்பவையும் பெரிய நிறுவனங்கள் அல்ல. நாட்டின் நிறுவனங்களில் சுமார் 97 விழுக்காடு 20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவை. 2015ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வேலை பழக வரும் மாணவரையும் தொழிலாளியாகவே கணக்கிடுகிறது. சரியான சட்டம்தான். ஆனால் மூன்று பேர் உள்ள பட்டறையில் ஒருவர் அந்த நாள் முழுக்கப் பையனின் கையைக் கவனித்துக்கொண்டு நிற்க வேண்டும். போக்குவரத்தும் இடிக்கிறது. கட்டட வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கிவிடும். தனியாகக் காரோட்டும் உரிமமோ பதினாறரை வயதுக்கு முன் கிடையாது. வீட்டில் யாரும் கொண்டுவிட இயலாத மாணவர் எந்தத் தொழிலைப் பழகுவது என்பதைப் பல நேரம் பஸ் தடமே முடிவு செய்கிறது.

இவற்றைவிடக் கடுமையான குறை கிரெடிட் கணக்கு. கிரெடிட் தருவது பயிற்சி ஏட்டில் நிரப்பிய விடைகளும் மேற்பார்வையாளரின் கையெழுத்தும். ஒரு மாணவி சமையலறையில் என்ன கற்றாள் என்பதும் அவளுடைய ஏடு என்ன சொல்கிறது என்பதும் எப்போதும் ஒன்றல்ல. பல்கலைக்கழக நுழைவுத் தகுதிக்கு ஏற்கப்பட்ட மூன்று பாடங்களில் தலா 14 கிரெடிட் வேண்டும். கேட்வேயின் தொழில் கிரெடிட்டுகள் அந்தக் கணக்கில் வாரா. இதனால் திட்டம் படிப்பு வராதவர்களுக்கானது என்ற முத்திரை விழுகிறது. தெற்கு ஆக்லாந்தில் அந்த முத்திரை மாவோரி, பசிஃபிக் தீவுப் பிள்ளைகள் மேலேயே அதிகம் குத்தப்படுகிறது. டாக்டர், இன்ஜினீயர் கனவோடு குடியேறிய ஆசியப் பெற்றோர் பலர், தமிழர் உட்பட, இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காததற்கும் இதில் பங்குண்டு.

முத்திரை விழாமல் நடத்த முடியும் என்பதற்கு நகரிலேயே சான்று உண்டு. 2010இல் மனுகாவ் தொழில்நுட்பக் கல்லூரி தன் வளாகத்திலேயே ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளிச் சான்றும் தொழில் சான்றும் அங்கே சேர்ந்தே கிடைத்தன. உறவு தனி ஆளிடம் இல்லாமல் நிறுவனத்திடம் இருந்தது. கவுண்டீஸ் மனுகாவ் சுகாதார வாரியம் ஓட்டாராவின் டங்கரோவா கல்லூரி போன்ற பள்ளிகளோடு நடத்திய சுகாதார அறிவியல் அகாடமிகள் இன்னும் ஒரு படி மேல். வாரியத்தின் மிடில்மோர் மருத்துவமனைக்கு அந்த வட்டாரத்துச் செவிலியரும் மருத்துவரும் தேவை. ஆகவே அகாடமி மாணவரை வேதியியல், உயிரியலிலிருந்து விலக்காமல் அவற்றுக்குள்ளேயே தள்ளியது. தனக்கு ஆள் வேண்டும் என்று உணர்ந்து வரும் நிறுவனம், தயவுக்காகச் சம்மதிக்கும் நிறுவனத்தைவிட நெடுநாள் நிற்கும்.

ஒருங்கிணைப்பாளரின் தனிமையைத் தீர்க்க 2019இல் அரசு வட்டாரந்தோறும் பள்ளிக்கும் நிறுவனத்துக்கும் இடையே இணைப்பாளர்களை அமர்த்த முன்வந்தது. தமிழ்நாட்டின் நான் முதல்வன் என்னும் திறன் பயிற்சித் திட்டத்தில் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடுவது அரசு. நியூசிலாந்து அரசு அவ்வளவு தூரம் போகவில்லை. 2025 ஆகஸ்டில், என்சிஇஏவை மாற்றித் தொழில்துறையே வகுக்கும் பாடங்களை மற்றப் பாடங்களுக்கு இணையாக்கும் முன்மொழிவு அறிவிக்கப்பட்டது. சொன்னபடி நடந்தால் முத்திரை மங்கலாம். பட்டறைக்காரரின் நிலை அதனால் மாறாது: கேட்வே பணம் பள்ளிக்குப் போகிறது, ஒரு நாள் வேலையை ஒதுக்கிவைத்துச் சொல்லிக்கொடுப்பவருக்கு அதில் உரிமையாக எதுவும் இல்லை.