ஜன்னல் வைத்த கேட்பறை

கண்டியில் இசை கேட்பதற்கென்று ஓர் அறையை ஒதுக்குகிறவருக்குக் கொழும்புக்காரருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ஏசி வேண்டாம். ஊர் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் ஹந்தானை மலைப் பக்கமிருந்து குளிர் இறங்கிவிடும். கொழும்பில் கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, ஏசியின் இரைச்சலுக்கு மேலே வீணை கேட்க வேண்டியிருக்கிறது. எத்தனை லட்சம் கொடுத்து ஸ்பீக்கர் வாங்கினாலும், மீட்டிய தந்தி தேய்ந்து அடங்குகிற அந்தக் கடைசிப் பகுதி இரைச்சலுக்குள் போய்விடும். கண்டியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்கலாம்.

ஆனால் இங்கும் ஹோம் தியேட்டர் என்றவுடன் பலருக்குத் தோன்றுவது ஜன்னலைச் செங்கல் வைத்து அடைப்பதுதான். அப்புறம் சுவருக்குக் கறுப்புப் பெயிண்ட், தரை முதல் கூரை வரை தடித்த கார்பெட், உள்ளே காற்று போக ஒரு ஏசி. இப்படியொரு பெட்டிக்குள் துப்பாக்கிச் சத்தம் பிரமாதமாகத்தான் இருக்கும். புல்லாங்குழல் செத்துப்போகும்.

ஜன்னலுக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்கு இயற்பியலும் ஒரு காரணம். அறைக்குள் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபீன். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சில சொற்கள் வந்து அதன்மேல் விழுந்தன. ஊர் அடங்கிய பிறகு சபீன் இரவிரவாகப் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து மண்டபத்தில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஊதவைத்து நிறுத்தி, அதன் ஒலி முற்றாக அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று குறித்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. பிறகு, மெத்தைக்கு மெத்தை தரம் மாறும் என்பதால், எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டுமென்று அவர் தேர்ந்தெடுத்தது திறந்த ஜன்னலை. அதன் வழியே வெளியே போன ஒலி திரும்பி வராது. முழுமையான உறிஞ்சி அதுதான். 1900-இல் திறந்த பொஸ்டன் சிம்பொனி மண்டபம் இந்தக் கணக்கின்மேல் எழுந்தது. இன்றும் உலகின் தலைசிறந்த இசை மண்டபங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

நம் வீட்டு அறைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 16 அடி நீளம், 13 அடி அகலம், 10 அடி உயரம். சீமெந்துத் தரை, பூசிய சுவர், கொங்கிரீட் மேல்தளம். வெறும் அறையாக இருந்தால் ஒலி அடங்க மூன்று நொடிக்கு மேல் ஆகும். கோயில் மண்டபத்துக்கு அது அழகு. ஸ்பீக்கர் வழியே இசை கேட்க அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக இருப்பதுதான் சுகம். நாலுக்கு ஐந்தடியில் இரண்டு ஜன்னலையும் ஒரு வாசலையும் முழுதாகத் திறந்துவிட்டால், மூன்று நொடி ஏறக்குறைய ஒரு நொடியாக இறங்குகிறது. ஒரு சதமும் செலவில்லை. மீதி அரை நொடியைக் குறைக்கத்தான் சோபாவும் தரைவிரிப்பும் புத்தக அலமாரியும் பாயும் தலையணையும் வேண்டும். கேட்க வரும் நண்பர்களும் கணக்கில் சேர்த்திதான். மனித உடம்பு நல்ல உறிஞ்சி.

ஜன்னலுக்கு இன்னொரு பெருமை உண்டு. கார்பெட்டும் திரைச்சீலையும் உச்ச ஒலிகளைத்தான் விழுங்கும். தாழ்ந்த ஒலியான பேஸ் அவற்றை மதிப்பதே இல்லை. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டர். அரை அங்குலத் துணி அதை என்ன செய்துவிடும்? கார்பெட் அறைகள் மந்தமாகவும் அதே நேரம் கடகடவென்றும் ஒலிப்பது இதனால்தான்: உச்சம் செத்துப்போகிறது, பேஸ் மட்டும் சுவருக்குச் சுவர் உருண்டுகொண்டிருக்கிறது. திறந்த ஜன்னலும் வாசலும் பேஸையும் ஓரளவு வெளியே விட்டுவிடும்.

பத்துக்குப் பத்து அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் மேசன் பாஸிடம் வீடு கட்டக் கொடுத்தால் படுக்கையறை என்றாலே பத்துக்குப் பத்து. மேல்தளமும் பத்தடியில் வந்துவிட்டால் அது கனசதுரம். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்குள் சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி சிக்கிக்கொண்டு பெருகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று திசையிலும் அதே சுரம் பெருகும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்தத் தந்தி தொட்டபோதெல்லாம் அறை குமுறும், மற்றத் தந்திகளுக்குப் பேசாமல் இருக்கும். இதற்குப் புது அம்ப்ளிபயர் வாங்கி ஒரு பயனும் இல்லை. நான் முன்பு சொன்ன 16, 13, 10 அடி அறையில் அந்தக் குமுறல் 35, 43, 56 என்று மூன்று இடங்களில் பிரிந்துவிடுகிறது; காது அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே வீட்டில் எந்த அறை என்று முடிவு செய்வதுதான் முதல் செலவு. கனசதுர அறையைப் படுக்கைக்கு விட்டுவிட்டு, விறாந்தைப் பக்கம் திறக்கும் நீள அறையைப் பிடியுங்கள்.

இந்த ஊரின் பழைய கட்டடங்கள் திறந்த பக்கத்தின் அருமையை அறிந்தே கட்டியவை போல இருக்கின்றன. தலதா மாளிகைக்கு அருகே உள்ள மகுல் மடுவ, நாயக்க மன்னர் காலத்து அரசவை மண்டபம். 1815 கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட இடம். செதுக்கிய மரத்தூண்கள் உண்டு, மேலே ஓட்டுக்கூரை உண்டு, சுற்றிச் சுவர் கிடையாது. பேச்சு கூரையில் பட்டு இறங்கும், பக்கவாட்டில் போனது போனதுதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கை மாணவர்கள் ‘வள’ என்பார்கள். சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ நாடகம் 1961-இல் அரங்கேறியது அங்கேதான். சரிவில் அமர்ந்தவர்களுக்கு மேடைக் குரல் ஏறி வருகிறது; திரும்பி வந்து குழப்ப எதிரே சுவர் இல்லை. அதே வளாகத்தில் அதே பத்தாண்டில்தான் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு புது மேடைக்குக் கொண்டுவந்தார். மத்தளமும் சலங்கையும் அடைத்த அறையில் எப்படி நாராசமாகும், திறந்த இடத்தில் எப்படித் துலங்கும் என்பதைக் கூத்துப் பார்த்தவர்களிடம் கேட்டால் போதும்.

வீட்டுக்கு வந்தால் மினெட் டி சில்வாவைப் பேசாமல் முடியாது. கண்டியில் 1918-இல் பிறந்து, 1948-இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண். அவர் முதலில் கட்டியது கண்டி மலைச்சரிவில் கருணாரத்ன குடும்பத்துக்கான வீடு. சரிவை வெட்டிச் சமன்படுத்தாமல் வீட்டையே தளம் தளமாக இறக்கிவிட்டார். கதவுப் பலகைகளில் தும்பறைப் பாய் நெசவைப் பொருத்தினார். இசைக்காக அவர் அதைச் செய்யவில்லை. ஆனால் தள வேறுபாடும், ஒன்றுக்குள் ஒன்று திறக்கும் அறைகளும், நெசவு பொருத்திய கதவும் சேர்ந்தால் ஒலி ஓரிடத்தில் தேங்க வழியில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் ‘ஒலிப்பலகை’ என்று பெட்டியில் போட்டு விற்பதைவிட இது எனக்குப் பிடிக்கும்.

தும்பறைப் பாய் இன்றும் குண்டசாலைப் பக்கம் ஹெனவல கிராமத்தில் நெய்கிறார்கள். ஹண நாரில், சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக மிருகங்களும் பூக்களும். சுவரோடு ஒட்டி மாட்டினால் அது வெறும் அலங்காரம். நாலங்குல மரச்சட்டம் அடித்து, உள்ளே தென்னந்தும்பு மெத்தையை வைத்து, பின்னால் இன்னும் நாலங்குலம் காற்றுக்கு இடம் விட்டு, முன்னால் பாயைப் போர்த்தினால் வேலை செய்யும். முட்டைத் தட்டை ஒட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அந்தக் காகிதம் பேஸை ஒன்றும் செய்யாது. கரப்பான் பூச்சிக்கு நல்ல வீடு.

சட்டத்தை எங்கே மாட்டுவது? இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமாக இருக்க வேண்டும், எட்டடிக்கு எட்டடி என்று வையுங்கள். நீங்கள் இருக்கையில் உட்கார, வீட்டில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் ஒலி முதலில் பட்டுத் திரும்புகிற இடம். இரு பக்கமும் அங்கே ஒவ்வொரு சட்டம். பின்சுவருக்குப் புத்தக அலமாரி, புத்தகங்களை ஒரே வரிசையாக அடுக்காமல் முன்பின்னாக. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு மூன்றடி முன்னால் இழுத்து வைக்க வேண்டும். இல்லத்தரசிகள் எதிர்ப்பது பெரும்பாலும் இதைத்தான். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, நடக்க இடம் வேண்டுமே.

திறந்த ஜன்னலுக்கு விலை இல்லாமல் இல்லை. வெளியே போகிற வழியாகவே உள்ளேயும் வரும். இரவில் தவளையும் சில்வண்டும் எனக்குத் தொந்தரவாகப் படுவதில்லை. முச்சக்கர வண்டி தொந்தரவுதான். மழை வந்தால் பேச்சே கிடையாது: தகரக் கூரையின் கீழ் எந்த இசையும் நிற்காது, ஓட்டுக்கூரையும் உள்ளே பலகைச் சீலிங்கும் இருந்தால் சமாளிக்கலாம். கண்டியில் அயலவர் பக்கவாட்டில் மட்டும் இல்லை. அவருடைய கூரை உங்கள் தரை மட்டத்தில் இருக்கும், உங்கள் கூரைக்கு மேலே இன்னொருவர் முற்றம் இருக்கும். சத்தம் சரிவில் மேலேறிப் போகிறது. மேல்வீட்டுக்காரரிடம் நல்லுறவு அவசியம். எசல பெரஹெரா நாட்களில் நீங்கள்தான் கேட்பவர். ஊர்வலத்தின் முன்னால் வருகிறவர்கள் கசையைச் சொடுக்குவார்கள். ஓர் அறையைச் சோதிக்க நிபுணர்கள் பலூனை உடைப்பதும் கை தட்டுவதும் இதே வேலைக்குத்தான்: வெடிப்பாக ஒரு சத்தம், பிறகு அது எங்கெங்கே பட்டுத் திரும்புகிறது என்று காது கொடுப்பது. தெருவில் நின்று அந்தச் சொடுக்கின் எதிரொலியை ஒருமுறை கவனித்தவருக்கு, புது வீட்டில் கை தட்டிப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஈரம் வேறு. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரையில் செய்ததானால் நம் காலநிலையில் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பைக் கேட்டு வாங்குங்கள். புரொஜெக்டர் லென்ஸில் பூஞ்சை படரும், இசைத்தட்டு உறையில் புள்ளி விழும். மூடிய அலமாரிக்குள் சிறிய பல்ப் ஒன்றை எரியவிடுகிற கெமராக்காரர் வித்தை இங்கேயும் பலிக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும், அன்டெனா வயரையும் மறக்காமல்.

படத்துக்கும் இசைக்கும் ஒரே அறை போதுமா என்று கேட்பார்கள். போதும், ஆனால் இரண்டும் சமமல்ல. படத்துக்கு இருட்டு வேண்டும், ஜன்னலை மூட வேண்டும், கனத்த திரை வேண்டும். அதைப் படம் பார்க்கிற இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் செய்தால் போயிற்று. ஜன்னலைத் திறக்க முடியாமல் கட்டிவிட்டால் இசைக்கு வழியே இல்லை. 2012-இல் டால்பி அட்மாஸ் வந்த பிறகு கூரையிலும் ஸ்பீக்கர் மாட்டச் சொல்கிறார்கள். சாய்ந்த பலகைச் சீலிங் உள்ள கண்டி வீட்டில் அந்தச் செலவை நான் செய்யமாட்டேன். அந்தக் காசை வசனம் வருகிற நடு ஸ்பீக்கருக்குப் போடலாம். சப்வூபர் ஒன்று போதும். அதற்கு இடம் பிடிக்க, அதையே உங்கள் இருக்கையில் தூக்கி வைத்து ஒரு பேஸ் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே வாருங்கள். பேஸ் சீராகக் கேட்கிற மூலைதான் அதன் இடம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், முறை சரியானது.

அறை தயாரானால் எதைப் போட்டுப் பார்ப்பது? எனக்கு முதல் சோதனை பேச்சுக் குரல். இலங்கை வானொலியின் கே. எஸ். ராஜா பேசிய வேகத்துக்கு, ஒலி அடங்காத அறையில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பி. எச். அப்துல் ஹமீதின் குரலில் ‘ழ’வும் ‘ள’வும் தனித்தனியாகத் துலங்கினால் உச்ச ஒலிகள் சரி. அந்த வானொலிக்கும் கண்டிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு: 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது, அந்தப் படையினருக்காக நிறுவிய சிற்றலை ஒலிபரப்பிதான் போருக்குப் பின் ரேடியோ சிலோனிடம் வந்து, தமிழ்நாடு முழுக்க நம் அறிவிப்பாளர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்தது யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில். வலந்தலையில் விரற்கூடு விழுகிற ஓசையும் தொப்பியில் கழி விழுகிற ஓசையும் இரண்டு வேறு பொருளாகக் கேட்க வேண்டும். குழம்பினால் சட்டங்களையும் ஸ்பீக்கர் இடத்தையும் திரும்பப் பாருங்கள். ஸ்டீரியோவுக்கு இளையராஜாவின் ‘ப்ரியா’, 1978. தமிழ்த் திரைப்பாட்டில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். குரல் நடுவில் காற்றில் நிற்க வேண்டும், வாத்தியங்கள் இரு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டியை விட்டு வெளியே வர வேண்டும்.

அதற்கு முந்தியவை, அதாவது டி. எம். சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடி நாம் வளர்ந்த பாட்டுகளில் பெரும்பகுதி, மோனோ. ஒரே ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் விடும்போது, இருக்கையிலிருந்து ஓரடி நகர்ந்தாலும் குரல் கிட்டத்து ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை நடுவில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். குரல் கெட்டிப்படும், அறையில் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி கேட்கும். அறைக்கும் கருவிக்கும் சேர்த்துக் கையில் காசு போதாதவர்கள் நல்ல ஸ்பீக்கராக ஒன்று மட்டும் வாங்கித் தொடங்கலாம். இரண்டாவது அடுத்த போனசுக்கு வரட்டும்.