மருந்தாளரின் நாவும் செவியும்

மருத்துவர் நோயாளியைச் சோதித்து, இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து, கிளினிக் கொப்பியில் மருந்தெழுதுகிறார். அந்த உழைப்பு பலிப்பதும் பாழாவதும் கடைசியில் மருந்து கொடுக்கும் ஜன்னலடியில்தான். எந்தக் குளிசை எதற்கு, எப்போது, எத்தனை நாளைக்கு என்று விளங்காமல் வீடு போகிறவருக்கு நல்ல வைத்தியமும் அரை வைத்தியமே. நீண்டகால நோய்களுக்கு மருந்தெடுப்போரில் வளர்ந்த நாடுகளிற்கூட ஏறத்தாழப் பாதிப்பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. வளர்முக நாடுகளில் இந்த அளவு இன்னும் குறைவு என்றும் அது சொன்னது.

அதனால்தான் நோயாளிக்கு மருந்தை விளக்கும் ஆலோசனை, மருந்தாளர் கல்வியில் தனித்த திறனாக வளர்ந்தது. விரிவுரை கேட்டு மட்டும் இந்தத் திறன் வராது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. செய்முறைப் பயிற்சி வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட பயிற்சி, யார் முன்னால், யார் மேற்பார்வையில் என்று கேட்கத் தொடங்கினால் விடை சிக்கலாகிறது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் மனதில் வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: இன்றைய செய்முறைப் பயிற்சி மருந்தாளரின் நாவை நன்றாகப் பழக்குகிறது, செவியைப் போதிய அளவு பழக்கவில்லை.

இரண்டு வழிகள்

இலங்கையில் மருந்தாளராக வருவதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று பல்கலைக்கழகப் பட்டம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மருத்துவத்தையும் தாதியியலையும் கற்பிக்கிறது. மருந்தாளர் பட்டத்துக்கு இப்பகுதி மாணவர்கள் யாழ்ப்பாணம், பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களை நோக்கியே போகிறார்கள். நான்கு ஆண்டுப் படிப்பு; கற்கை மொழி ஆங்கிலம்.

மற்றது பயிலுநர் வழி. பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் பாமசியில் வேலை பழகி, இலங்கை மருத்துவக் கல்லூரிப் பேரவையின் பரீட்சையில் தேறி, இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு பெறுவது. தூரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வாய்ப்பில்லாத இளைஞர்களுக்கு இது பெரிய கதவு.

முதலாவது வழியில் பயிற்சி பெரிதும் ஒழுங்கு செய்யப்பட்டது. சக மாணவரோ பயிற்றப்பட்ட ஒருவரோ நோயாளியாக நடிக்கிறார். மாணவர் மருந்தை விளக்குகிறார். ஆசிரியர் மதிப்பெண் தாளோடு அமர்ந்திருக்கிறார். இந்த முறை மருத்துவக் கல்வியிலிருந்து வந்தது. ஹவார்ட் பரோஸ் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1960களின் தொடக்கத்தில் நடிப்பு நோயாளியைக் கற்பித்தலுக்குள் கொண்டுவந்தார். ஸ்கொட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் 1975இல் வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு திறனைச் சோதிக்கும் பரீட்சை முறையை அறிமுகம் செய்தது. மருந்தாளர் கல்வி இரண்டையும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது வழியில் இவை எதுவும் இல்லை. அங்கே முதல் நாளிலிருந்தே எதிரில் நிற்பது உண்மையான நோயாளி.

ஆக, ஒரு வழியில் ஆசிரியர் இருக்கிறார், நோயாளி அரிது. மற்ற வழியில் நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள், கற்பிப்பதற்கென்று ஒருவர் அரிது. இந்தப் பிளவைக் கணக்கில் எடுக்காமல் எந்த வழியையும் எடைபோட முடியாது.

பயிற்சி தருவது என்ன

முதலில் பலத்தைச் சொல்லவேண்டும், அது சிறிதல்ல.

முட்டு வருத்தத்துக்குக் கொடுக்கும் இன்ஹேலரை எடுத்துக்கொள்வோம். சல்பியூட்டமோல் மூச்சுக்குழாயை எப்படி விரிக்கிறது என்று பத்துப் பக்கம் எழுதத் தெரிந்த மாணவருக்கு, எழுபது வயது மனிதருக்கு அதை இழுக்கக் காட்டிக்கொடுக்கத் தெரியாமல் இருக்கலாம். குலுக்கவேண்டும், மூச்சை வெளியே விடவேண்டும், அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக நடக்கவேண்டும், பிறகு பத்து நொடி அடக்கவேண்டும். மருந்தில்லாத மாதிரிக் கருவியைத் தானே வாயில் வைத்துப் பழகியவருக்குத்தான் எந்த இடத்தில் தப்பும் என்று தெரியும். தூள் நிரப்பிய கப்சூலைக் கருவியில் இட்டு இழுக்காமல் வாயில் போட்டு விழுங்கிவிடுவது பல நாடுகளில் பதிவான தவறு. இதைக் கையால் செய்து காட்டாமல் வாயால் மட்டும் தடுப்பது கடினம்.

இரண்டாவது பலம், யாருக்கும் தீங்கில்லாமல் தவறு செய்ய இடம் கிடைப்பது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒருநாள் எடுக்கும் மருந்து. நாளாந்தம் எடுத்து உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கிழமையில் எந்த நாள் என்று சொல்ல மறந்த மாணவரை நடிப்பு நோயாளி, "அப்ப ஒவ்வொரு நாளும் ஒண்டு குடிக்கட்டா?" என்று கேட்டு நிறுத்தினால் அந்தப் பாடம் ஆயுளுக்கும் நிற்கும். அதே மறதி கடையில் நடந்தால் பாடம் கற்பவர் வேறொருவர்.

மூன்றாவது, பேச்சுக்கு ஒழுங்கு கிடைப்பது. அமெரிக்காவின் பழங்குடி மக்களுக்கான சுகாதாரச் சேவை வகுத்த மூன்று கேள்விகள் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. இந்த மருந்து எதற்கு என்று டொக்டர் சொன்னார்? எப்படி எடுக்கச் சொன்னார்? எடுத்தால் என்ன எதிர்பார்க்கலாம் என்றார்? மூன்றும் நோயாளியைப் பேசவைக்கும் கேள்விகள். இவற்றை வாய்விட்டுக் கேட்டுப் பழகாத மாணவர் ஜன்னலில் நின்றதும் பிரசங்கமே செய்வார். வகுப்பறை நடிப்பு அந்தக் கூச்சத்தை உடைக்கிறது.

தராசின் மறுதட்டு

இனி குறை. நடிப்பு நோயாளி பெரும்பாலும் சக மாணவர். அதே வயது, அதே படிப்பு, மருந்தின் பெயரைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும் ஆள். அவர் மாணவரைச் சிரமப்படுத்த விரும்பமாட்டார்; நாளை அவரும் அந்த நாற்காலியில் அமரவேண்டும். காது கேட்காத முதியவர், கண்புரையால் உறையிலுள்ள எழுத்து தெரியாதவர், கைக்குழந்தை அழ அழ நிற்கும் தாய் எவரும் இந்த நாடகத்தில் எளிதில் தோன்றுவதில்லை. மிக முக்கியமாக, நோயாளிக்காக மருந்தெடுக்க வந்த மகளோ பேரனோ தோன்றுவதில்லை. நமது வைத்தியசாலைகளில் தினமும் நடப்பது அதுதான். விளக்கத்தைக் கேட்பவர் ஒருவர், குளிசை குடிப்பவர் இன்னொருவர். வீடுவரை போய்ச் சேரவேண்டிய செய்தியை எப்படிச் சுருக்கி, எழுதி, அடையாளமிட்டு அனுப்புவது என்பது தனிக்கலை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

அடுத்தது மதிப்பெண் தாள். பெயர் சொன்னாரா, அளவு சொன்னாரா, பக்கவிளைவு சொன்னாரா, சேமிப்பு முறை சொன்னாரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எல்லாவற்றையும் சொன்னவர் முழுப்புள்ளி பெறுகிறார். நெதர்லாந்து ஆய்வாளர் ராய் கெசல்ஸ் 2003இல் எழுதிய கட்டுரையோ, மருத்துவத் துறையினர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதத்தை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்றும், சொல்வது கூடக்கூடப் பிழையாக நினைவிற் கொள்ளும் பங்கும் கூடுகிறது என்றும் சுட்டுகிறது. அப்படியானால் தாளிலுள்ள எல்லா விடயத்தையும் ஒப்புவித்த மாணவர் நல்ல ஆலோசகர்தானா? பரீட்சை முழுமையைக் கேட்கிறது. ஜன்னல் தெரிவைக் கேட்கிறது. நீண்ட வரிசையின் நடுவே நிற்கும் இந்த மனிதருக்கு இன்று சொல்லியே தீரவேண்டிய இரண்டு விடயங்கள் எவை என்று பிரித்தெடுக்கும் பழக்கம் தாளில் இல்லை.

பயிலுநர் வழியின் குறை வேறு வகை. அங்கே வேகம் தானாக வருகிறது, மனிதரைப் படிக்கும் கண்ணும் வருகிறது. ஆனால் குளிசை எண்ணுவது, உறையில் எழுதுவது, இருப்புப் பார்ப்பது, பில் போடுவது ஆகியவற்றில் நாள் கரைகிறது. சொன்னது விளங்கியதா என்று நின்று பார்த்துத் திருத்த ஆளில்லை. மேற்பார்வை செய்யும் மருந்தாளரே ஆலோசனையில் முறையான பயிற்சி பெறாதவராக இருக்கலாம். வியாபாரம் அவரையும் துரத்துகிறது. "விளங்கிச்சா?" என்று கேட்பதும் "ஓம்" என்ற பதிலோடு பொதியை நீட்டுவதும் அங்கே பழக்கமாகிவிடுகிறது. அந்த "ஓம்" பெரும்பாலும் மரியாதையின் குரல், விளக்கத்தின் சான்று அல்ல. பிழையான பழக்கமும் அனுபவம் என்ற பெயரில் இறுகிப்போகும் ஆபத்து இது.

வாவிக்கரை கேட்கும் பாடம்

ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி இந்த மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என்று பிரிக்கிறது. போதனா வைத்தியசாலை நகரில் இருக்கிறது. வயலும் காடும் மறுகரையில். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் அந்த இடத்தில் பாதை என்னும் மிதவையில் ஏறியே வாவியைக் கடந்தார்கள். இப்போது பயணம் எளிதென்றாலும், கூலிநாளை இழந்து மாதம் ஒருமுறை கிளினிக் வருபவருக்கு மருந்தாளரைச் சந்திக்க மாதத்தில் ஒரு வாய்ப்புத்தான். ஐயம் வந்தால் நாளைக்கு வந்து கேளுங்கள் என்ற பாடநூல் வாசகம் அவருக்கு உதவாது.

பாடநூலின் நாளும் அவருடைய நாளும் வேறு. இரவில் வலைபோட்டு விடியலில் கரையேறி, பகலில் உறங்கும் மீனவருக்கு "காலையில் ஒன்று" என்பது எந்த நேரம்? சிறுநீரைக் கூட்டும் பிரஷர் குளிசையை அவர் எப்போது எடுத்தால் தூக்கமும் கெடாமல் தொழிலும் கெடாமல் இருக்கும்? அவரிடம் வேலைநேரத்தைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு மாதம் வருகிறது. சீனி வருத்தத்துக்கு கிளிக்லசைட் எடுக்கும் ஓர் உம்மா சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையில் சாப்பிடமாட்டார். வழமையான காலை அளவை அப்படியே எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மெட்போமினில் அந்த ஆபத்து குறைவு. அளவையும் நேரத்தையும் மாற்றுவது மருத்துவரின் முடிவு. ஆனால் நோன்புக்கு முன்பே "இம்முறை நோன்பு பிடிக்கிறீங்களா?" என்று கேட்டு, மருத்துவரிடம் அனுப்பவேண்டியவர் மருந்தாளர். சாப்பாட்டுக்கு முன், பின் என்று மட்டும் பழகிய மாணவருக்கு இந்தக் கேள்வி தோன்றாது. கந்தசஷ்டிக்கு விரதமிருப்பவரிடமும் இதே கேள்வி தேவை.

இன்சுலினும் அப்படியே. குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள் என்பது தாளில் ஒரு புள்ளி. பெட்டியே இல்லாத வீட்டில், வெயிற்காலத்தில் 30 பாகையைத் தாண்டும் ஊரில், நீரூற்றிய மட்பாண்டத்துக்குள் குப்பியை ஈரம்படாமல் வைப்பது எப்படி என்று சொல்லத் தெரிவதே ஆலோசனை.

இவற்றோடு 2022 பொருளாதார நெருக்கடி ஒரு பாடம் விட்டுச்சென்றது. மருந்துத் தட்டுப்பாட்டில் ஒரே மருந்து வேறு வேறு நிறத்தில், அளவில், பெயரில் வந்தது. சிலவற்றை வெளியே வாங்கச் சொன்னார்கள். பழைய வெள்ளைக் குளிசையும் புதிய மஞ்சள் குளிசையும் ஒன்றே என்று அறியாதவர் இரண்டையும் சேர்த்துக் குடிக்கக்கூடும். போன மாதத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது என்பதை முதலில் சொல்லும் பழக்கம் எல்லாப் பயிற்சியிலும் சேரவேண்டும்.

சட்டமும் நேரமும்

இப்படிக் கேட்டு விளக்கும் பழக்கத்தை உண்டாக்கச் சட்டம் போதுமா? இந்தியா 2008இல் ஆறாண்டு பார்ம்.டி. படிப்பைத் தொடங்கி, அதில் முழு ஓராண்டை வைத்தியசாலைப் பயிற்சிக்கு ஒதுக்கியது. 2015இன் மருந்தகப் பணி ஒழுங்குவிதிகள் நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை மருந்தாளரின் கடமையாக்கின. ஆனாலும் தமிழ்நாட்டின் தெருவோர மெடிக்கலில் மருந்து வாங்கும் எவருக்கும், விதிக்கும் வழக்கத்துக்கும் உள்ள தூரம் தெரியும். இலங்கையிலும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. மருந்தாளர் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லலாம். அவர் கேட்கவேண்டும் என்பதைப் பயிற்சிதான் செய்யவைக்கும்.

வரிசை நீளம், நேரம் எங்கே என்ற எதிர்வாதம் நியாயமானது. எல்லாருக்கும் பத்து நிமிடம் முடியாது, தேவையும் இல்லை. பழைய மருந்தைப் பழையபடி எடுப்பவர் சீக்கிரம் போகலாம். புதிய மருந்து, மாறிய அளவு, கருவியால் எடுக்கும் மருந்து, வார்பரின், மெதோட்ரெக்சேட், இன்சுலின் போன்ற ஆபத்து மிகுந்த மருந்து ஆகியவற்றில் ஏதாவது இருப்பவருக்கு இரண்டு நிமிடம் கொடுக்கலாம். இப்படிப் பிரிப்பதே கற்பிக்கப்படவேண்டிய திறன்.

இரு வழிகளையும் இணைப்பதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. படுவான்கரை விவசாயியையும் காத்தான்குடிப் பெண்ணையும் நடிப்பு நோயாளிகளாகப் பயிற்றி, அவர்களுடைய தமிழிலேயே செய்முறைப் பரீட்சையை நடத்தலாம். பயிலுநர்களை மாதம் ஒருநாள் மருத்துவ, தாதிய மாணவர்களோடு ஒரே பயிற்சி அறையில் அமர்த்தலாம். பயிற்சி கொடுக்கும் கடை மருந்தாளர்களுக்கு, கவனித்துத் திருத்துவது எப்படி என்று குறுகிய பாடநெறி ஒன்று நடத்தலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம் மதிப்பெண் தாளில் வரவேண்டும். மாணவர் என்ன சொன்னார் என்பதற்குப் பாதிப் புள்ளி போதும். மற்றப் பாதியை நோயாளி திருப்பிச் சொல்வதற்குக் கொடுக்கவேண்டும். "அம்மா, வீட்ட போய் இதை எப்பிடிக் குடிப்பீங்க, எனக்கு ஒருக்காச் சொல்லுங்க" என்று கேட்டு, வரும் பதில் பிழையென்றால் பிழை மாணவருடையது என்று வைத்தால், பயிற்சி தானாகத் திசை மாறும். எதை அளக்கிறோமோ அதற்குத்தான் மாணவர்கள் படிப்பார்கள். இதுவரை நாம் பேச்சை அளந்தோம்.