ஒதுக்கீடுதாரர் என்றொரு ஜீவன்

கடையில் காசு கொடுத்து அரிசி வாங்கினால் நீங்கள் வாடிக்கையாளர். பில்டரிடம் ஃப்ளாட் வாங்கப் போனால் கஸ்டமர், ஏ.ஸி. அறையில் உட்காரவைத்துக் காபி கூடக் கொடுப்பார்கள். அதே காசை அரசாங்கத்திடம் கொடுத்து ஒரு மனை வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயர் 'ஒதுக்கீடுதாரர்'. கைக்கு வரும் காகிதத்தின் பெயர் 'ஒதுக்கீட்டு ஆணை'. பணம் கொடுப்பவருக்கு ஆணை! இந்த ஒரு வார்த்தையில் பாதி விஷயம் இருக்கிறது. மீதியைச் சொல்கிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1961-ல் சட்டம் போட்டு உருவாக்கிய வீட்டு வசதி வாரியம் சாதாரண வேலை செய்யவில்லை. அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர், பெசன்ட் நகர் எல்லாம் அதன் கைவண்ணம். ஸ்கூல் வாத்தியாரும் செக்ரடேரியட் கிளார்க்கும் மாதத் தவணை கட்டி அங்கே வீட்டுக்காரர் ஆனார்கள். இன்று அந்தத் தெருக்களில் ஒரு கிரவுண்டு விலை கேட்டால் தலை சுற்றும். அகலமான ரோடு, பார்க், பள்ளிக்கூடத்துக்கு இடம். தாய்ப் பத்திரத்தைத் தேடி நாலு தலைமுறை பின்னால் போக வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. 'ஹவுஸிங் போர்டு மனை' என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. கண்ணை மூடச் சொல்கிற இடத்தில்தான் எனக்குத் தகராறு.

அரசாங்கத்திடம் மனை வாங்க வாசல்கள் மூன்று. முதல் வாசல், குலுக்கல். உங்கள் பெயரிலோ, கணவன் அல்லது மனைவி பெயரிலோ, மைனர் குழந்தை பெயரிலோ வேறு வீடு, மனை இருக்கக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. வருமானத்தை வைத்துப் பிரிவு. முன்பணம் கட்டி மனு. ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் சீட்டு எடுப்பார்கள். விழுந்தால் யோகம், விழாவிட்டால் முன்பணம் திரும்பும். கேலி செய்கிறார்கள், எனக்கென்னவோ இந்த மூன்றில் யோக்கியமான வாசல் இதுதான் என்று தோன்றுகிறது. சீட்டுக்கு நீங்கள் யாருடைய மச்சான் என்று தெரியாது.

மச்சான்களுக்காகவே இருந்தது இரண்டாவது வாசல். நூற்றுக்கு 85 குலுக்கலில் என்றால், மீதி 15 அரசு விருப்புரிமைக் கோட்டா. விதவைகள், ஊனமுற்றோர், சமூக சேவகர்கள், அப்பழுக்கற்ற அரசு ஊழியர்கள் என்று படிக்கும்போது கண்ணில் நீர் வரும் பட்டியல். தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போட்டு 2010, 2011 வாக்கில் பெயர்களை வெளியே கொண்டுவந்தபோதுதான் சமூக சேவை எந்தெந்த வீடுகளில் எல்லாம் தழைக்கிறது என்று நாட்டுக்குத் தெரிந்தது. உயர் அதிகாரிகள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அரசியல் பிரமுகர்களின் சொந்தக்காரர்கள். அதிகாரி வீட்டுப் பெண், காலேஜ் முடித்த கையோடு சமூக சேவகி! லஞ்ச ஒழிப்புத் துறை 2011-லும் 2012-லும் வழக்குகள் போட்டது. சில விழுந்துபோயின, சில வருஷக்கணக்கில் நீதிமன்றப் படிக்கட்டில் ஏறி இறங்கின. 'இலவசமாகவா கொடுத்தார்கள், காசு கட்டித்தானே வாங்கினோம்' என்று அவர்கள் சொன்ன பதில் உண்மைதான். வாரிய விலைக்கும் வெளி விலைக்கும் நடுவில் இருந்த தொகைதான் சன்மானம்.

மூன்றாவது வாசல் ஏலம். மூடிய டெண்டர், பகிரங்க ஏலம், அதிகம் கேட்டவருக்கு மனை. சுத்தமான முறை என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் இந்த நிலம் எப்படி வந்தது? பெரும்பாலும் விவசாயியிடம் 'பொதுநோக்கம்' என்று சொல்லி, 1894-ம் வருஷத்து வெள்ளைக்காரச் சட்டத்தில் எடுத்தது. பொதுநோக்கத்துக்கு எடுத்ததை, பர்ஸ் கனமானவருக்கு விற்பதற்குப் பெயர் வேறு. இன்னொரு விஷயம் ஏலக்காரர்களுக்குத் தெரிவதில்லை. வீட்டு வசதி அமைப்பிடம் வாங்கியவரும் நுகர்வோர்தான், வழக்குப் போடலாம் என்று 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பிறகு 2009-ல் சண்டிகர் வழக்கு ஒன்றில், ஏற்கெனவே இருக்கும் மனையை 'உள்ளது உள்ளபடி' ஏலத்தில் எடுத்தவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றது. எந்த வாசல் வழியாகப் போனீர்கள் என்பதைப் பொறுத்து, வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் உண்டா இல்லையா என்பதும் மாறும்.

சரி, குலுக்கலில் விழுந்தாயிற்று. அப்பளம் பொரித்துச் சாப்பிட்டாயிற்று. இப்போது ஆணையை நிதானமாகப் படியுங்கள். விலை என்று ஒரு தொகை இருக்கும். பக்கத்திலேயே 'தற்காலிகமானது' என்று ஒரு வார்த்தையும் இருந்தால், அதற்கு மேல் படிக்காமல் தூங்கப் போகாதீர்கள்.

அது என்ன தற்காலிகம்? விவசாயிக்கு அரசு நிர்ணயித்த இழப்பீடு போதாது என்றால் அவர் 18-வது பிரிவின் கீழ் கோர்ட்டுக்குப் போகலாம். போவார், போகவும் வேண்டும், அடிமாட்டு விலைக்கு எடுத்தால் வேறென்ன செய்வார்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு, வட்டி விகிதம் அந்தச் சட்டத்தில் உள்ளது. ஏக்கருக்கு 1 லட்சம் கொடுத்ததை கோர்ட் 3 லட்சமாக்குகிறது. கூடுதல் 2 லட்சம். அதற்கு 30 சதவீதம் ஆறுதல் தொகை சேர்த்தால் 2.60 லட்சம். நிலத்தை எடுத்த முதல் வருஷத்துக்கு 9 சதவீதம், அடுத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 சதவீதம் வட்டி. வழக்கு 15 வருஷம் நடந்தால் வட்டி மட்டும் 219 சதவீதம், அதாவது 5.69 லட்சம். ஆகமொத்தம் 8.29 லட்சம். ஆரம்பத்தில் ஆறுதல் தொகையோடு சேர்த்து விவசாயிக்குப் போனது 1.30 லட்சம்தான்!

ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டு. ரோடு, பார்க் போகப் பத்து கிரவுண்டு மனையாகிறது என்று வைத்துக்கொண்டால், கிரவுண்டுக்கு 13 ஆயிரமாக இருந்த நிலத்தின் அடக்க விலையில் இன்னும் 83 ஆயிரம் ஏறுகிறது. இதை வாரியம் தன் பையிலிருந்து எடுப்பதில்லை. 'இறுதி விலை' என்று உங்களுக்கு நோட்டீஸ் வரும். தவணையெல்லாம் கட்டி முடித்து, பெண்ணுக்குக் கல்யாணமும் முடித்து, பென்ஷனில் உட்கார்ந்திருக்கும்போது வரும். தாமதமானால் அந்த வித்தியாசத்துக்கும் வட்டி. அவ்வப்போது வட்டித் தள்ளுபடிச் சலுகை என்று அறிவிப்பார்கள். அபராத வட்டி, வட்டியை முதலாக்கியதன் மேல் வட்டி, இறுதி விலை வித்தியாசத்தின் மேல் வட்டி என்று அந்த அறிவிப்பைப் படித்தாலே, வட்டியில் இத்தனை ஜாதி உண்டா என்று மலைப்பாக இருக்கும்.

விவசாயி பேரில் தப்பில்லை, மனை வாங்கியவர் பேரிலும் இல்லை. முதலிலேயே நியாயமான விலை கொடுக்காதது அரசு. வழக்கு இழுபட்டதும் அரசின் நீதிமன்றத்தில். அந்த இழுவைக்கான 219 சதவீதத்தை, வழக்கில் கட்சிக்காரராகக் கூட இல்லாத ஒருவர் ஏன் கட்ட வேண்டும்? ஒரு தனியார் புரமோட்டர், 'நிலத்துக்காரன் கேஸில் ஜெயித்துவிட்டான், இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள்' என்று பத்து வருஷம் கழித்து வந்து நின்றால் சும்மா விடுவோமா?

அரசாங்கம் வந்து நிற்கலாம். சொன்னது உத்தேச விலை, அதை ஒப்புக்கொண்டுதானே சேர்ந்தாய் என்று 1989-ல் பரேலி வளர்ச்சி ஆணையம் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே அமைப்பின் பக்கம் பேசிவிட்டது. அதுவரை உங்கள் கையில் இருப்பது குத்தகையுடன் கூடிய விற்பனை ஒப்பந்தம். தவணை முடிந்து கிரயப் பத்திரம் பதிவாகிறவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் குத்தகைக்காரர். சிங்கப்பூரில் வீவக வீடும் குத்தகைதான். ஆனால் 99 வருஷம் என்று முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். இங்கே சொந்தம் என்று சொல்லிக் குத்தகையில் உட்காரவைக்கிறோம்.

அரசுக்கு மனை விற்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1977-ல் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் ஒரு திட்டம் வந்தது. ஏழைகளுக்கு வீடு கட்டித் தரவில்லை. சுமார் 40 சதுர மீட்டரிலிருந்து சின்னச் சின்ன மனை. தண்ணீர், சாக்கடை, ரோடு. மேலே கட்டுவது உங்கள் பாடு. அதே லேஅவுட்டில் பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். உலக வங்கியே இந்த வகைத் திட்டங்களைத் தோல்வி என்று பிறகு கைவிட்டது. இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், பல தரப்பட்ட வருமானக்காரர்களும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக அவை வளர்ந்திருக்கின்றன என்று 2018-ல் எழுதினார்கள். ஏலமும் அங்கே இருந்தது, ஏழையும் அங்கே இருந்தார். ஒன்றின் காசு இன்னொன்றுக்குப் போனது, அவ்வளவுதான்.

இப்போது மனு போட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2016-ம் வருஷ ரியல் எஸ்டேட் சட்டம் 'புரமோட்டர்' என்பதற்குள் மனை விற்கும் அரசு அமைப்புகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. வாரியமும் அந்த ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. (அந்தச் சட்டமும், தனியாரிடம் வாங்குபவரைக்கூட ஒதுக்கீடுதாரர் என்றுதான் சொல்கிறது. வியாதி பரவிவிட்டது.) ஆகவே முன்பணம் கட்டுமுன் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். மூன்றே கேள்வி. இந்தத் திட்டத்தின் நிலத்துக்கு இழப்பீட்டு வழக்கு ஏதாவது நிலுவையில் உள்ளதா? விலை இறுதியானதா, தற்காலிகமானதா? இதே திட்டத்தில் முன்பு வாங்கியவர்களில் எத்தனை பேருக்குக் கிரயப் பத்திரம் கொடுத்தாயிற்று? முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், மனுவின் கடைசித் தேதியைப் பார்த்துப் பதறாமல் மேல்முறையீடு போடுங்கள்.