கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்த பையன்

சொன்னால் நம்ப மாட்டீர்கள், இப்போது நினைத்தாலும் புல்லரிக்கிறது! லண்டன் ஆல்பமார்ல் தெருவில் இருக்கிற ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில், மைக்கேல் ஃபாரடே பற்றி வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவு. 1825-இல் ஃபாரடேயே ஆரம்பித்து வைத்த வரிசை அது. டிக்கெட் கைக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மத்தியானமே போய்விட்டேன். கீழ்த்தளத்து அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த இரும்பு வளையம்! 1831 ஆகஸ்ட் 29 அன்று மின்தூண்டலைக் காட்டிக்கொடுத்த வளையம். செப்புக் கம்பிச் சுற்றுகளுக்கு நடுவில் துணி, நூல், எல்லாம் அவர் கையால் சுற்றியது. மூக்கு கண்ணாடியில் இடிக்கிற வரை குனிந்து பார்த்தேன்.

மாலையில் அரங்குக்குள் நுழைந்ததும் அண்ணாந்து மாடத்தைத்தான் தேடினேன். நினைத்துப் பாருங்கள், 1812-இல் புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் தொழில் பழகிய இருபது வயதுப் பையன், கொல்லர் மகன் ஃபாரடே, கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டோடு ஓடி வந்து, அந்த மாடத்தில், கடிகாரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி பேசுவதை வரிக்கு வரி எழுதிக்கொண்டு போய், படமும் வரைந்து, தானே பைண்டிங் செய்து டேவிக்கே அனுப்பினான், அடுத்த வருஷமே இங்கே உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான்! உட்புறத்தைப் பின்னாளில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், இருக்கட்டுமே, எனக்கு அந்தப் பையன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

நேரம் வந்ததும் கதவு திறந்தது, வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை, பேச்சாளர் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார், அங்கே அதுதான் வழக்கமாம்! கணக்கு அதிகம் படிக்காத மனிதர் ஃபாரடே, காந்தத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் விசைக்கோடுகளை மனக்கண்ணால் பார்த்தார், பிறகு மாக்ஸ்வெல் வந்து அதற்குச் சமன்பாடு எழுதினார், ஃபாரடேவுக்கோ தன்னை இயற்பியலாளர் என்று சொன்னால் பிடிக்காது, இயற்கைத் தத்துவஞானி என்றால்தான் பிடிக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் இருக்கை நுனிக்கே வந்துவிட்டேன். அப்புறம் விளக்குகளைக் குறைத்தார்கள். மேசையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி, ஃபாரடே சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவு ஆற்றினாரே, அந்த மெழுகுவர்த்திச் சோதனை! பேச்சாளர் ஊதி அணைத்தார், வெள்ளைப் புகை இழை இழையாக எழுந்தது, எரியும் குச்சியைத் திரிக்கு இரண்டு விரற்கடை மேலே, புகையில் மட்டும் காட்டினார், குபுக்கென்று தீ புகை வழியாகவே கீழே குதித்துத் திரியைப் பற்றிக்கொண்டது! புகையாகப் போனது மெழுகின் ஆவி, எரிவதும் அதுதான். பள்ளியில் படித்த சங்கதிதான், ஆனால் அந்த இருட்டில், அந்த மேசையில் பார்த்தபோது என்னை அறியாமல் “ஐயோ!” என்று கத்திவிட்டேன், பக்கத்து இருக்கைப் பாட்டியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டதே என்பது மட்டும்தான் வருத்தம்.

வழியில் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பி, “இங்கே பாரேன், இங்கே பாரேன்” என்று ஊதி அணைத்துக் குச்சியைக் காட்டினேன். தீ குதித்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். “எங்கே, குச்சியை என்கிட்ட குடுங்க” என்றாள்.